உயிர்க்கல்

எமது கரையில் முருகைக்கல் என்றால் சுண்ணாம்பு என்றே நெடுங்காலம் பொருள்பட்டது. ஓட்டமாவடியில் வாப்பா கட்டிய வீட்டின் சுவர்களுக்குப் பூசியது அந்தச் சுண்ணாம்பைத்தான். ரமழானுக்கு முன்னர் பள்ளிவாசல் சுவர்கள் வெள்ளை கண்டதும், உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்த சிறு சிமிழ் நிறைந்ததும் அதனால்தான். சூளையிலிருந்து வந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு பொங்கி, ஆவி பறக்க மாவாக உதிரும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்டதில்லை. கடலிலிருந்து வருகிறது, கடல் பெரியது, அவ்வளவுதான்.

பின்னாளில் விஞ்ஞான ஆசிரியனாகி, அதே சூளையின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். கல்சியம் காபனேற்றை 900 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அது பிரிந்து, 100 கிலோவில் 56 கிலோ நீறாத சுண்ணாம்பாக எஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடும். பிள்ளைகள் சமன்பாட்டை மனனம் செய்தார்கள். அந்த 100 கிலோவைக் கடல் கட்டி முடிக்க எத்தனை வருடம் எடுத்தது என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் தங்கையின் மகன்.

அவன் கட்டாரில் ஒன்பது வருடம் வீட்டுச் சாரதியாக இருந்தவன். வாகனம் ஓட்டாத நேரங்களில் அவனுக்கு இன்னொரு வேலை இருந்தது. வரவேற்பறையில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்று. அதற்குள் ஒரு சிறு கடல். உப்பளவு பார்ப்பது, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது, ஆவியாகும் நீருக்கு நன்னீர் ஊற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்கு மீன்களைக் காட்டுவார். மருமகன் பார்த்துக்கொண்டிருந்தது மீன்களையல்ல, அவற்றின் பின்னாலிருந்த கற்களை. 'லைவ் ரொக்' என்று பெட்டிகளில் வந்திறங்கி, கிலோக் கணக்கில் விலைபோன கற்கள். 2020 ஜனவரியில் ஊர் திரும்பியவன் என்னிடம் சொன்ன முதல் ஆசை இதுதான்: “மாமா, மத்தவன்ட தொட்டிய ஒம்பது வருஷம் கழுவிட்டன். எனக்கெண்டு ஒண்டு வைக்கணும். அங்க அவன் காசு குடுத்து எடுக்கிற கல்லு இங்க நம்மட கடலுக்குள்ள சும்மா கிடக்கி.”

உயிர்க்கல் என்பது உண்மையில் செத்த முருகையின் எலும்புக்கூடு. உயிர் அதன்மீதும் அதற்குள்ளும் குடியேறியிருப்பது. வெளிப்புறத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படரும் சுண்ணப்பாசி, கடற்பஞ்சு, புழுக்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடித் திரியும் சிற்றுயிர்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமான குடியிருப்பாளர் பற்றீரியா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொல்லும் நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் ஒட்சிசன் கிடைக்கும் இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கல்லின் நுண்துளைகளுக்குள் ஆழமாக, ஒட்சிசன் அருகிப்போன இருட்டில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஒரே கல்லின் தோலில் ஒரு வேலை, வயிற்றில் இன்னொரு வேலை. பெரிய வடிகட்டி இயந்திரங்கள் செய்ய முயல்வதை ஓட்டை நிறைந்த ஒரு கல் அமைதியாகச் செய்துவிடுகிறது.

இதை வீட்டுத் தொட்டிக்குள் முதலில் செய்துகாட்டியவர்களுள் ஒருவர் எமது ஆசியக் கடற்கரையைச் சேர்ந்தவர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1960களின் தொடக்கத்தில், கடற்கல்லையும் கடல் நீரையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு முருகை உயிரிகளை வளர்த்தார். பின்னர் பேர்லின் நகரத்துப் பொழுதுபோக்காளர்கள் அந்த வழியை விருத்தி செய்தார்கள். 1986இல் ஜோர்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதிய தொடர், வீட்டுக்குள் முருகைத் தொட்டி வைக்கும் ஆசையை அங்கு பரவச் செய்தது. ஜகார்த்தாக்காரருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. பேர்லினுக்கும் டோஹாவுக்கும் கல் பெட்டியில்தான் போகவேண்டியிருந்தது. அந்தப் பெட்டிகளை நிரப்பியவை பீஜி, தொங்கா, இந்தோனேசியா போன்ற தேசங்களின் கரைகள்.

மருமகனின் கணக்கு துல்லியமானது. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். சுமார் 255 லீற்றர். எட்டு லீற்றருக்கு ஒரு கிலோ என்ற வழமையான கணக்கின்படி சுமார் 30 கிலோ கல். மாங்கேணியில் எனக்குப் பழக்கமான சுழியோடி ஒருவர் இருக்கிறார். அலங்கார மீன் பிடித்துக் கொழும்புக்குக் கொடுப்பவர். மாரி ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கிய மார்ச் முதல் வாரத்தில் இருவருமாக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வடக்கே போனால், காயான்கேணிக்கு அடுத்து மாங்கேணி. அதற்கப்பால் பனிச்சங்கேணியும் வாகரையும். யுத்த காலத்தில் நான் நினைத்தவுடன் போய்வர முடியாதிருந்த பாதை அது. இரு சமூகத்தவரும் ஒருவர் ஊருக்கு மற்றவர் போக யோசித்த காலத்திலும், எங்கள் சந்தைக்கு மாங்கேணிக் கடலின் மீன் ஏதோவொரு வழியாக வந்துகொண்டுதான் இருந்தது.

சுழியோடி, மருமகன் சொன்னதை முழுதாகக் கேட்டார். விலையையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

“தம்பி, முப்பது கிலோ எனக்கு ஒரு காலம்பற வேல. ஆனா கல்லத் தூக்கினா கல்லு மட்டும் வாறல்ல. அதுக்குள்ள குடியிரிக்கிற மீனும் போகும், அதுர குஞ்சும் போகும். அடுத்த கிழம நான் அங்க போய் என்னத்தப் புடிக்கிற?”

மருமகன் விடவில்லை. “ஒரு தொட்டிக்குத்தானே அண்ணன். கடலுக்கு இது ஒரு கணக்கா?”

“எங்கட அப்பா சூளைக்குக் கல்லேத்தினவர். அவரும் இதத்தான் சொன்னவர். ஒரு வண்டிதானே எண்டு.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “சேர், உங்கட ஊரு வீடெல்லாம் அந்தக் கல்லுதான்.”

அவர் குற்றம் சாட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவருடைய தகப்பன் ஏற்றிய கல் என் வாப்பாவின் சுவரில் இருக்கக்கூடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கங்களில் முருகைக்கல் எடுத்தது நாடறிந்த விடயம். தென்மேற்குக் கரையில் அது இன்னும் பெரிய தொழில். அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையில் மாத்திரம் ஆண்டொன்றுக்கு 18,000 தொன் அளவில் எடுக்கப்பட்டதாகக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் 1984இல் கணக்கெடுத்தது. 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லை அகழ்வதையும் சேர்ப்பதையும் வைத்திருப்பதையும் எரிப்பதையும் கொண்டுசெல்வதையும் தடைசெய்தது. மருமகன் கேட்ட 30 கிலோவும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். 2019இல் காயான்கேணிக் கடற்பரப்பு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

சட்டத்தைவிட எனக்கு உறைத்தது சுனாமியின் கணக்கு. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் புகையிரதத்தையே புரட்டிப்போட்ட அலை சுமார் பத்து மீற்றர் உயரமாக எழுந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போயிற்று. சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஹிக்கடுவையில், கற்பாறை பாதுகாக்கப்பட்ட இடத்தில், அலை இரண்டு மூன்று மீற்றரோடு நின்று, ஐம்பது மீற்றர் அளவிலேயே கரைக்குள் வந்தது. ஹரிந்திர பெர்னாண்டோ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேறுபாட்டைக் கள்ளத்தனமாகக் கல் எடுத்ததோடு இணைத்துக் காட்டியது. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இதே கதைதான். தூத்துக்குடிப் பக்கத்தில் பல்லாண்டுகள் கல் வெட்டியதன் பின், பூவரசன்பட்டி, தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. அங்கே வான்தீவு கரையாதிருக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி வருகிறார்கள். எடுத்த கல்லுக்குப் பதிலாகக் கொங்கிறீற்றை இறக்குவது மலிவான வேலையல்ல.

திரும்பி வரும் வழியில் மருமகன் பேசவில்லை. வீட்டில் தேநீர் குடிக்கும்போதுதான் கொட்டினான். “கட்டார்ல காசிரிந்தா எந்த நாட்டுக் கல்லும் வரும் மாமா. நம்மட வாசல்ல கிடக்கிறத நாம தொட்டா மட்டும் சட்டம். ஏழைக்கு இந்த ஆசையும் இரிக்கக் கூடாதா?”

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. இந்த நாட்டில் கடல் அலங்காரத்தை வெளிநாட்டுக்கு விற்பது இன்று தொடங்கியதல்ல. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணிபுரிந்தவரும், ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளியாகச் சுழியோடியவருமான ரொட்னி ஜொங்க்லாஸ் போன்றோர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அலங்கார மீன் ஏற்றுமதியில் இறங்கிவிட்டார்கள். எமது கரையின் மீன் வெளியே போகிறது. பிடிப்பவர் கையில் தங்குவது சொற்பம். பார்த்து மகிழ்வது வேறொருவர். அந்த வரிசையின் கடைசியில் நின்று தொட்டி கழுவியவன் கேட்கும் கேள்விக்கு “சட்டம் அப்படி” என்பது போதுமான மறுமொழி ஆகாது.

ஆனால் காசிருக்கும் தேசங்களிலும் இந்தக் கதவு மூடிக்கொண்டு வருகிறது என்பதை அவனுக்குக் காட்ட முடிந்தது. புளோரிடாவில் கடலிலிருந்து இயற்கையான உயிர்க்கல் எடுப்பது 1997உடன் நின்றுபோனது. அதன்பின் அங்கே சிலர் கடலடியைக் குத்தகைக்கு எடுத்து, நிலத்திலிருந்து வெட்டிய சுண்ணக்கல்லைக் கடலில் இறக்கி, வருடங்கள் சில காத்திருந்து, உயிர் படர்ந்ததும் எடுத்து விற்கிறார்கள். பீஜி 2017இன் இறுதியில் முருகையினதும் உயிர்க்கல்லினதும் ஏற்றுமதியை நிறுத்தியது. உருண்டைப் போரைற்றீஸ் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். உதைபந்தளவு கல் ஒன்று, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தொட்டிக்காரர் கிலோவுக்குக் கொடுக்கும் காசு கல்லுக்கல்ல, அதற்குள்ளிருக்கும் வருடங்களுக்கு. “அந்த வருடங்களை நீயே போட்டால் எவனிடமும் கேட்கத் தேவையில்லை” என்றேன். அவன் முகம் மலரவில்லை. ஆனால் “எப்படிப் போடுற?” என்று கேட்டான்.

அந்த மாதம் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. கட்டாருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை, ஊரில் வேலையுமில்லை. வளவின் மூலையில் அவன் கல் செய்யத் தொடங்கினான். சீமெந்து ஒரு பங்கு. பருமணலும் வாவியின் மட்டி ஓட்டை இடித்த தூளுமாக மூன்று பங்கு. அதோடு கைநிறையக் கல்லுப்பு. கலவையை ஈரமணலில் தோண்டிய குழிகளில் ஊற்றினால் முரட்டு உருவம் வரும். உப்பு பின்னர் கரைந்துபோய்த் துளைகளை விட்டுச்செல்லும். சீமெந்தும் ஒருவகையில் கடலின் பொருள்தான். புத்தளம் ஆலைக்கு அருவக்காட்டில் வெட்டும் சுண்ணக்கல் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய கடலடிப் படிவு.

புதுச் சீமெந்தின் காரம் மீனுக்கு ஆகாது. ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வைத்து இறுகவிட்டு, பின் பீப்பாய் நன்னீரில் ஊறப்போட்டோம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். என்னிடமிருந்த காட்டித்தாளை நனைத்தால் ஆரம்பத்தில் கடும் நீலம். பீஎச் பெறுமானம் பன்னிரண்டை அண்டியிருந்தது. ஒன்பதாவது வாரத்தில்தான் எட்டரைக்குக் கீழே இறங்கியது. தங்கை ஒவ்வொரு நாளும் கேட்பாள்: “இவன் என்ன கா, கல்லையா ஊறுகாய் போடுறான்?”

யூலையில் கச்சான் காற்றுக்குக் கடல் தெளிந்து கிடந்தது. மாங்கேணிச் சுழியோடியின் தோணியில் கரையிலிருந்து நன்றாக வெளியே போய், இருபது லீற்றர் கலன்கள் பதின்மூன்றில் நீர் அள்ளினோம். மாரியில் அள்ளினால் வாவிகள் உடைத்துப் பாயும் நன்னீர் கலந்து உப்பு குறைந்துவிடும். எங்கள் நீரில் அடர்த்திமானி 1.025 காட்டியது, அது வேண்டிய அளவு. விதையாக நாம் கொண்டுவந்தவை இரண்டு: ஆழமற்ற நீரின் அடியிலிருந்து இரு கைப்பிடி ஈரமணல், ஓட்டில் ஊதாப் பாசி படிந்த சாதாரணக் கடல்நத்தைகள் நாலைந்து. நத்தைகளை இருட்டில் வேறு வாளியில் வைத்துவிட்டு, சாம்பல் நிறக் கற்கள் அடுக்கிய தொட்டிக்குள் மணலைப் போட்டு, உரித்த இறால் ஒன்றை அழுகவிட்டோம்.

முருகைத் தொட்டி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் பளிங்குபோலத் தெரியும். மீன் விட மனம் அவசரப்படும். ஆனால் அமோனியா ஏறி இறங்கவேண்டும். பின் நைத்திரைற்று ஏறி இறங்கவேண்டும். இரண்டும் பூச்சியமான பின்பே உயிருக்கு இடம். வழமையாக நாலு முதல் ஆறு வாரம். எங்களுக்கு ஏழு வாரம் சென்றது. அதன்பின் நத்தைகள் உள்ளே போயின. இரண்டு மாதம் கழித்து, கொழும்பில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த கோமாளி மீன் இரண்டு வந்தன. கடலில் பிடிக்காமலே பெருக்கக்கூடிய கடல் மீன்களில் முதன்மையானது அது. மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் அதன் குஞ்சுகளை வெற்றிகரமாக வளர்த்திருக்கிறார்கள்.

2021 ஏப்ரலில் ஒரு மஃரிபுக்குப் பின் மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். சாம்பல் கல்லின் ஒரு விளிம்பில், வெற்றிலைச் சாறு தெறித்ததுபோல் ஊதாப் பொட்டு ஒன்று. நத்தை கொண்டுவந்த பாசி கல்லில் இறங்கியிருந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. டோர்ச் வெளிச்சத்தை அந்தப் பொட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் கல்லுக்குள் இருப்பவையும் சாகத் தொடங்கும். பிறகு தொட்டியே நஞ்சாகும். மோட்டார் சைக்கிளின் பற்றரியைக் கழற்றிச் சிறு காற்றுப் பம்பியை ஓட்டினான். பெற்றோல் இல்லாத காலம். பற்றரிக்கும் வேறு வேலை இருக்கவில்லை. இரவில் அதுவும் இறங்கினால் தாயும் மகனும் மாறி மாறிக் கிண்ணத்தால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். “கல்லை ஊறுகாய் போடுறான்” என்று சிரித்த தங்கை, தஹஜ்ஜுத்துக்கு எழும்பும்போது முதலில் தொட்டியைப் போய்ப் பார்ப்பாள். மீன் இரண்டும் பிழைத்தன. நத்தை ஒன்று செத்தது.

அந்த வாரங்களில் நான் யோசித்தது வெளியே இருக்கும் கடலைப் பற்றி. 255 லீற்றரை உயிரோடு வைத்திருக்க ஒரு குடும்பமே கண்விழிக்க வேண்டியிருந்தது. மாங்கேணிக் கடலில் அதே வேலையை எவரும் கண்விழிக்காமல் கற்கள் செய்துகொண்டிருக்கின்றன. 1998இல் கடல் சூடேறியபோது பாசிக்குடாவின் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. 2016இலும் வெளிறல் வந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நாலாவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெயிலில் மருமகன் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி பூட்டி நீரை 27 பாகைக்கு இறக்கினான். கடலுக்கு விசிறி பூட்ட முடியாது. அதன் சூட்டைத் தணிப்பது எங்கள் ஊரின் கையில் மட்டும் இல்லை. இருக்கும் கல்லை இருக்கும் இடத்தில் விட்டுவைப்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.

மருமகனின் தொட்டியில் இன்றுவரை முருகை இல்லை. சட்டப்படி வைத்திருக்கும் வழி கிடைத்தால் பார்க்கலாம் என்கிறான். கட்டாரில் அவன் கழுவிய தொட்டியோடு ஒப்பிட்டால் இது ஏழைத் தொட்டிதான். ஆனால் கற்கள் முக்கால்வாசி ஊதாவாகிவிட்டன. துளைகளுக்குள் நாம் போடாத புழுக்கள் இரவில் தலை நீட்டுகின்றன. மணலோடு வந்த சிற்றுயிர்கள் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஓடுகின்றன.

சென்ற வருடம் மாங்கேணிச் சுழியோடி வந்து, தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். நீருக்கடியில் முப்பது வருடம் பார்த்த கண் அது, எளிதில் ஏமாறாது. “கல்லு சரி. பொய்க் கல்லெண்டு மீனுக்குத் தெரியல்ல” என்றார். பிறகு மருமகனிடம் கலவைக் கணக்கைக் கேட்டு, சிகரட் பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டார். அவருடைய மகனுக்குச் சுழியோடுவதில் விருப்பமில்லை; வெளிநாடு போக நிற்கிறான். கொழும்பில் தான் மீன் கொடுக்கும் இடத்தில், இப்படியான கல்லிருந்தால் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மாதத்தில் எவ்வளவு போகும், கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் இனித்தான் தெரியவேண்டும். மாங்கேணியில் அவர் வீட்டுத் தென்னைகளின் கீழே மூன்று பீப்பாய்கள் நிற்கின்றன. முதல் தடவை செய்த கற்கள் அவற்றில் ஊறுகின்றன. தண்ணீர் மாற்றுவது அந்த மகன்தான்.